காதில் கேட்ட நாகம்மாள்

கல்லூரி நாட்களில் ‘நாகம்மாள்’ நாவலை ஒரே இரவில் படித்து முடித்தேன். நிலத் தகராறு, கடைசியில் ஒரு சாவு, பேராசை பிடித்த ஒரு பெண். அவ்வளவுதான் என்று மூடி வைத்துவிட்டேன். இருபது ஆண்டுகள் கழித்து, சிங்காநல்லூரில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் ஆறேழு பேர் கூடி, வாரம் இரண்டு அத்தியாயமாக வாய்விட்டுப் படித்தபோதுதான் அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்தது.

சர்க்கரை நோயில் பார்வை போன பிறகும் விமர்சகர் கோவை ஞானி பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டே எழுதிவந்தார் அல்லவா, அந்த நினைவில் தொடங்கிய பழக்கம் இது.

ஆர். சண்முகசுந்தரம் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். நாவல் வந்தது 1942இல். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். அந்தப் பேச்சை நான் படித்தபோது, காங்கயம் பக்கம் பிறந்த நண்பரின் அம்மா, காப்பி கொடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “அப்படியில்லீங் கண்ணு, அந்த எடத்துல இழுத்துச் சொல்லோணும்.” அவர் சொன்னபடி இழுத்துப் படித்தேன். கெஞ்சல் என்று நான் நினைத்திருந்த பேச்சு மிரட்டலாகிவிட்டது. அச்சில் அந்த இழுவை இல்லை. அந்த ஊர்த் தொண்டையில்தான் இருக்கிறது.

எங்களில் ஒருவர் வக்கீல். கணவன் சொத்தில் விதவைக்குப் பங்கு தரும் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது என்றார். ஆனால் மாகாணங்களில் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947இல். அப்படியென்றால் புத்தகம் வெளிவந்த ஆண்டில், நாகம்மாள் கேட்ட காட்டுக்கு அந்தச் சட்டமும் துணையில்லை.

அம்மா மெதுவாகச் சொன்னார்: “எங்க சின்னாத்தாளுக்குச் சோத்துக்கு வழி பண்ணுனாங்க. காடு குடுக்கல.”

வெகுநேரம் யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை. பேராசைக்காரி என்று நான் தனியாக உட்கார்ந்து எழுதிய தீர்ப்பு அந்த மாடியில் நிற்கவில்லை. தன் பங்கைக் கேட்டவள் அவள்.

நாவலுக்கு முன்னுரை எழுதியவர் கும்பகோணத்துக் கு.ப.ராஜகோபாலன். காவிரிக்கரையின் ‘மணிக்கொடி’ இதழ் எழுத்தாளருக்கு இந்த மேட்டுக்காட்டில் என்ன பிடித்தது என்ற கேள்வி எங்களை அவர் கதைகளுக்கு இழுத்துக்கொண்டு போனது. சண்முகசுந்தரம் வங்க நாவல்களைத் தமிழாக்கியவர் என்பதால் அடுத்து ‘பதேர் பாஞ்சாலி’ என்று முடிவாகியிருக்கிறது.

அதற்கு முன் நாகம்மாளின் கடைசி அத்தியாயம் பாக்கி. சென்ற வாரம் எடுத்தபோது அம்மா தடுத்துவிட்டார். “பொழுது போயிருச்சு. அதெல்லாம் ராத்திரியில படிக்க வேண்டாங் கண்ணு.”

இந்த ஞாயிறு காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார். அவரே படிக்கிறாராம்.