ஒளி கண்ட மணல்

தாராசுரத்தில் வாழும் நமக்கு மண் என்றால் காவிரி கொணர்ந்த வண்டல்தான். நனைந்தால் காலில் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். எனவே, திருச்சிலுவைத் திருவிழாவுக்காக மணப்பாடு சென்ற வழியில் குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகளைக் கண்டபோது வியந்து நின்றோம். நம் கண்ணுக்கு அது பாலையாகவே தோன்றியது. நண்பகல் வெயிலில் ஒரு கைப்பிடி அள்ளிக் குப்பியில் அடைத்து வீடு கொணர்ந்தோம்.

“இந்த மணலுக்கு என்ன வயசுப்பா?” என்றாள் மகள். இராசராசன் காலத்துக் கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு, மணலுக்கு ஏது? அதைவிட, பல்லாயிரம் ஆண்டு என்று சொன்னால், மறைக்கல்வியில் படித்த ஆறு நாள் படைப்பு என்னவாயிற்று என்பாளோ என்ற தயக்கமும் நமக்கு இருந்தது. “பிறகு சொல்கிறேன்” என்று நழுவினோம்.

பின்னர்ப் படித்தறிந்தோம். புதையுண்ட மணலின் படிகங்களில், சுற்றிலுமுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சால் ஆற்றல் சிறிது சிறிதாகச் சேர்கிறது. வெயில் பட்டால் அது அழிந்துவிடும். ஆகவே ஆய்வாளர் மேட்டின் உட்புறத்தில் குழாயைச் செலுத்தி, ஒளி படாமல் மணலை எடுக்கின்றனர். ஆய்வகத்தில் அதன்மேல் ஒளி பாய்ச்சினால், சேர்ந்த ஆற்றல் மெல்லிய ஒளியாக வெளிப்படும். அதிலிருந்து மணல் ஏற்ற கதிர்வீச்சின் அளவைக் கணித்து, ஓராண்டில் ஏற்கும் அளவால் வகுத்தால், அது இறுதியாகக் கதிரவனைக் கண்ட காலம் கிடைக்கும். தார் பாலையில் டீட்வானா அருகிலுள்ள ஒரு மணல்மேட்டின் வரலாறு, ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுகள் நீள்வதாக 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் தேரியும் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் நம் குப்பி மணலுக்கு இனி வயது கூற இயலாது. வெயிலில் அள்ளிய கணமே அதன் கணக்கு அழிந்துவிட்டது.

மகளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னோம். நம் தயக்கத்தையும் மறைக்கவில்லை. தொடக்க நூல், யார் படைத்தார் என்பதைச் சொல்கிறது. எத்தனை ஆண்டு என்பதை மணலிடம் கேட்கலாம் என்றோம். அவள் சற்று யோசித்து, “அப்போ கடவுள் அவசரப்படவே இல்லையாப்பா?” என்றாள்.

அடுத்த திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெற்றபோது, மண்ணென்று நம்மை அழைப்பது இழிவாகத் தோன்றவில்லை. அத்தனை காலம் பொறுத்திருந்தவர் கையிலுள்ள மண் அல்லவா நாம்!