கொத்தளத்தில் பழகிய தொழில்

நோர்வேயில் மேசன் தொழில் பழகுகிறவர் பொதுவாக இரண்டு வருடம் பள்ளிக்கூடத்திலும் இரண்டு வருடம் வேலைத்தளத்திலும் இருக்கவேண்டும். பிறகுதான் தொழிற்சான்றிதழுக்கான சோதனை. நான் சேர்ந்த இடத்துக்குப் பழைய அரண்களைச் செப்பனிடும் வேலையும் வரும் என்பதால், கல்லோடு மண்ணையும் பழகவேண்டி வந்தது.

எனக்குத் தொழில் காட்டிய பெரியவர் பாடத்தை ஒஸ்லோத் துறைமுகத்தின் மேலே நிற்கும் அக்கர்ஸ்ஹூஸ் கோட்டையில் தொடங்கினார். 1300ஐ ஒட்டி, ஐந்தாம் ஹோகோன் மன்னர் எழுப்பிய உயர்ந்த கல்மதில் ஏணிக்கும் அம்புக்கும் போதும், பீரங்கிக்குப் போதாது. குண்டு பட்டால் கல் உடையும், தெறிக்கிற சில்லே ஆளைக் கொல்லும். நான்காம் கிறிஸ்தியான் மன்னர் காலத்தில் அதைச் சுற்றி மண் நிரப்பிய தடித்த அரண்களும் முனைவைத்த கொத்தளங்களும் எழுந்தன. மண்ணில் பட்ட குண்டு புதைந்துபோகும். விழுந்த குழியை இரவோடு இரவாக நிரப்பிவிடலாம்.

முனை எதற்கு? வட்டக் கொத்தளத்தின் காலடியில் எந்தப் பீரங்கிக்கும் எட்டாத ஓர் இடம் இருக்கும். எதிரி அங்கே ஒட்டிக்கொண்டால் சுரங்கம் தோண்டலாம். பெரியவர் என்னை ஒரு முனையடியில் நிறுத்திவிட்டு, பக்கத்துக் கொத்தளத்தின் விலாவில் போய் நின்றார். "ஒளிஞ்சு காட்டு பார்ப்பம்" என்றார். எங்கே நகர்ந்தாலும் அவர் கண்ணில் பட்டேன்.

1716இல் சுவீடன் அரசர் பன்னிரண்டாம் சார்ல்ஸ் நகரைப் பிடித்தும் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. முற்றுகைக்கு வேண்டிய கனத்த பீரங்கிகள் அவரிடம் இல்லை. சில வாரங்களில் திரும்பிப்போனார். எனக்கு உடனே பாஞ்சாலங்குறிச்சி நினைவு வந்தது. இடிக்கப்பட்ட கோட்டையை 1801இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் மண்ணாலேயே விறுவிறென்று மீண்டும் எழுப்பினார்கள். மார்ச் 31இல் பாய்ந்த கிழக்கிந்தியக் கம்பனிப் படை தோற்றது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து, மே 24இல்தான் கோட்டை விழுந்தது.

கைவேலையில் எனக்குப் பிடித்தது புல்மண் அடுக்குவது. புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டி, புல் கீழே வரக் கவிழ்த்து, செங்கல் வரிசைபோல மூட்டு விலக்கி வைக்கவேண்டும். கடைசி வரிசையில் மட்டும் புல் மேலே. அரணின் உச்சி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். மழைநீர் வடிய மட்டுமல்ல, துப்பாக்கியைச் சாய்த்தால் அகழியின் மறுகரை தெரியவேண்டும். அழகுக்காக அதை மட்டமாக்கச் சொல்கிறவர்களோடு நான் இப்போதும் வாதாடுவேன்.

இன்று அரணுக்குப் பகை தண்ணீர். நனைந்த மண் குளிர்காலத்தில் உறைந்து உப்பி, முகப்புச் சுவரை வெளியே தள்ளும். அதனால் சுவருக்குப் பின்னால் நீர் வடியக் கற்களை நிரப்புவோம். மூட்டுக்குச் சீமெந்து பூசாமல் சுண்ணாம்புச் சாந்து வைப்போம். அடுத்த பகை வேர். கன்றுகளைப் பிடுங்கும்போது நடந்துபோகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். மரத்தின்மேல் அவர்களுக்குள்ள பாசம் நல்லதுதான், ஆனால் கொத்தளத்தில் முளைத்த பேர்ச் கன்று பார்வையையும் மறைக்கும், சுவரையும் பிளக்கும். விரல் தடிப்பில் இருக்கும்போதே பிடுங்கிவிடுகிறோம்.