தொலைந்து போன ராஜா

ஒடுகத்தூருக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையன்று போகவேண்டும். அன்றுதான் அங்கே ஆட்டுச் சந்தை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்தரகாவேரி ஆற்றையொட்டி அமைந்த ஊர் அது. மலையிலிருந்து இறங்கிவரும் ஜனங்களையும், அவர்களுடைய ஆடுகளையும், புளி, தேன், சாமை முதலியவற்றையும் அங்கே ஒருங்கே காணலாம். நாமும் புளி வாங்கும் வியாஜத்தில் வேலூரிலிருந்து பஸ் ஏறினோம்.

சந்தை ஓய்ந்த வேளையில், மர நிழலில் மூன்று மலைச் சிறுவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கட்டைக் கண்டால் உபாத்தியாயர் கை தானே நீளும். இருபது வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ கட்டுகளைப் பறித்து அடுப்பில் இட்டிருக்கிறோம். அன்றும் பறித்தோம். ஆனால் நடுவே ஒரு சீட்டு முரட்டு அட்டையாயிருந்தது. தலைப்பாகையும் தோளில் கோடரியுமாக ஒரு கிழவர் அதில் கரியால் தீட்டப்பட்டிருந்தார்.

"இது யாரப்பா?"

"இஸ்பேட்டு ராஜா தொலஞ்சுபோச்சு சார். எங்க தாத்தாவைப் போட்டுட்டோம்."

"பின்புறம் பார்த்தாலே தெரிந்துவிடுமே!"

"தெரியட்டும் சார். தாத்தா யாரண்ட இருக்காருன்னு எல்லாருக்கும் தெரியும்!"

நமக்குச் சிரிப்பு வந்தது; உடனே வெட்கமும் வந்தது. தொலைந்து போன அந்த ராஜா யார்? பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரத்தில் உருவெடுத்து, இங்கிலாந்து வழியாக நம்மிடம் வந்தவர். அவர் முகத்தை நாம் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் ஆதிகுடிகளான அபாச்சிகள் சீட்டாட்டத்தை ஸ்பானியரிடம் கற்றார்கள். நாணயம், கிண்ணம், வாள், தடி என்று நான்கு இனம். மொத்தம் நாற்பது சீட்டு. காகிதத்துக்குப் பதில் பதனிடாத தோலை வெட்டி, சாயந்தீட்டிச் செய்துகொண்டார்கள். ஆட்டம் அந்நியருடையது, கோலமோ தங்களுடையதாயிற்று.

நம் நாட்டிலும் அதுவே நடந்தது. பாரசீகத்துக் கஞ்சீபாவைப் பாபர் 1527-ஆம் வருஷத்துக் குறிப்பிலேயே சொல்கிறார். அந்த ஆட்டம் வங்காளத்து விஷ்ணுபுரத்தில் தசாவதாரச் சீட்டாக மாறியது. பத்து அவதாரங்களுக்கும் தலைக்குப் பன்னிரண்டாக 120 வட்டச் சீட்டுகள்; ஒவ்வோர் இனத்துக்கும் ராஜா, மந்திரி உண்டு. மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) காலத்து ஸ்ரீதத்துவநிதியிலே சீட்டாட்டங்களுக்கென்று இடமே ஒதுக்கப்பட்டது. பின்னர் அச்சுச் சீட்டு மலிவாய் வந்தது; எழுதுகிற கை குறைந்தது. இன்று மைசூரிலும், மகாராஷ்டிரத்துச் சாவந்த்வாடியிலும், விஷ்ணுபுரத்திலும் சிலரே அக்கலையைக் காத்துவருகிறார்கள்.

விஷ்ணுபுரத்துச் சீட்டு செய்வதற்கு வேண்டியவை அதிகமில்லை. பழந்துணியை மடித்து ஒட்டுகிறார்கள். சுண்ணம் பூசி வர்ணந் தீட்டுகிறார்கள். அரக்கு மெருகு ஏற்றுகிறார்கள். ஒட்டுகிற பசை எது தெரியுமோ? புளியங்கொட்டைப் பசை! நம் பையில் கனத்த ஜவ்வாது மலைப் புளியை அப்போதுதான் நினைத்துக்கொண்டோம்.

கட்டைத் திருப்பிக் கொடுத்தோம். தாத்தாவை மட்டும் விலைக்குத் தருவாயா என்று கேட்டோம். பையன் கலைத்துக்கொண்டே, "அவரு இல்லாட்டி ஆட்டம் நின்னுபோயிடும் சார்" என்றான்.

புளியங்கொட்டையை எறிந்துவிட வேண்டாமென்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறோம். அடுத்த வாரம் வகுப்பில் பிள்ளைகளுக்கு வெற்று அட்டைகளைக் கொடுத்து, ஆளுக்கொரு ராஜாவை வரையச் சொல்லப் போகிறோம்.