தண்ணி எங்காலை போகும்?

ஊன்ட்றொப்பில் அப்பாவின் கராஜில் நிற்கும் அலுமினிய வள்ளத்துக்கு நாலு மீற்றர்தான் நீளம். பழையதாக வாங்கியது. சென்ற வசந்தத்தில் அதற்குள் ஏறிய அப்பாவின் கால், அணியப்பக்கத் தட்டுப்பலகையை உடைத்துக்கொண்டு கணுக்கால் வரை இறங்கிவிட்டது. நல்லவேளை, வள்ளம் றெயிலரில் இருந்தது. அப்பாவுக்கு வயது 74.

தட்டைக் கழற்றினோம். முன்பு வைத்திருந்தவர் பலகையின்மேல் கம்பளம் ஒட்டி, ஓரங்களைச் சிலிக்கனால் அடைத்திருந்தார். உள்ளே போன தண்ணீர் வெளியே வரவில்லை. அடியில் இருந்த நுரை ஊறிப் பாரமாகியிருந்தது. பலகை கையில் பிட்டுப்போல உதிர்ந்தது.

என் தொழிற்பழக்கம், உடனே ஒரு அட்டவணை போட்டேன். இங்கே றெயிலர்களுக்குப் போடும், கபிலநிறப் பூச்சுள்ள பேர்ச் ஒட்டுப்பலகை முதலாவது. உறுதியானது, வழுக்காது. ஆனால் அந்தப் பூச்சு மேலும் கீழும்தான். வெட்டிய ஓரம் தண்ணீரைக் குடிக்கும். செப்பு மருந்தேற்றிய பலகை அழுகாது என்றார்கள். ஈரத்தில் அந்தச் செப்பு அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் அதை அடித்துவிட்டேன். அலுமினியத் தகடு உக்காது. வெயிலில் சுடும், கால் பட்டாலே சத்தம் போடும். தேன்கூட்டு அமைப்புள்ள பிளாஸ்டிக் பலகை மிக இலேசு, விலைதான் அதிகம். திருகாணியும் அதில் நேரடியாக இறுகாது.

கடைசியாக, ஒக்கூமே மரத்தில் செய்த கடல்தர ஒட்டுப்பலகை. பி.எஸ். 1088 என்ற தர முத்திரை இருந்தால் அது உக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தத் தரம் பேசுவது பெரும்பாலும் பசையையும், உள் அடுக்குகளில் பொந்து இல்லாமையையும் பற்றி. மரம் மரந்தான். ஈரம் தங்கினால் அதுவும் உக்கும்.

பிளாஸ்டிக் பலகைக்கு அதிக புள்ளி வந்தது. இருபது வருடத்துக்குக் கவலை இல்லை என்று அப்பாவிடம் காட்டினேன்.

"எனக்கு ஏன் தம்பி இருபது வருசத்துப் பலகை?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரே தொடர்ந்தார்: "எதையும் போடு. தண்ணி எங்காலை போகும், அதைச் சொல்லு."

மயிலிட்டியில் அவர் ஓடிய மர வள்ளத்தில் தட்டை ஆணியடித்து இறுக்குவதில்லையாம். கரைக்கு வந்ததும் தூக்கி, இறைத்து, காயவிடுவார்களாம். 1990 யூனில் இடம்பெயர்ந்தபோது அந்த வள்ளத்தைக் கரையிலேயே விட்டுவந்தார். 2017 யூலையில் துறைமுகம் விடப்பட்ட பிறகு போய்ப் பார்த்தார். திரும்பிவந்து அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கோடையில்தான் இந்த வள்ளத்தை வாங்கினார்.

அட்டவணையில் ஒரு நிரலைச் சேர்த்தேன்: அப்பா தனியே தூக்கலாமா? எங்களுக்குத் தேவைப்பட்டது 2.4 சதுர மீற்றர். 12 மில்லிமீற்றர் தடிப்பில் பேர்ச் ஏறத்தாழ 19 கிலோ வரும். 3 மில்லிமீற்றர் அலுமினியமும் அதேயளவு. ஒக்கூமே 13 கிலோ. இரண்டாக வெட்டினால் துண்டுக்கு ஆறரைக் கிலோ. பிளாஸ்டிக் இன்னும் இலேசுதான், ஆனால் அதை அப்பா தொட்டுப்பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டார்.

ஒக்கூமே வாங்கினோம். இருபக்கமும் மூன்று தரம் எபொக்சி பூசினோம், ஓரங்களுக்கு இன்னும் கூட. துளைகளைப் பெரிதாகப் போட்டு, எபொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் மறுபடி துளைத்தோம். உக்கல் அநேகமாகத் திருகாணித் துளையில்தான் தொடங்கும். ஊறிய நுரையை எறிந்துவிட்டுச் சும்மா விடவும் முடியாது; வள்ளம் நிரம்பினாலும் மிதக்கவைப்பது அதுதான். தண்ணீர் குடிக்காத நுரைக் கட்டிகளை வைத்து, நடுவே பின்பக்கம்வரை ஓடைபோல வழி விட்டோம். தட்டை நாலு திருப்புக்கட்டைகள் மட்டுமே பிடித்திருக்கின்றன.

காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவில் தீர்த்தமாடும் அதே கால்வாயில்தான் வள்ளத்தை இறக்கினோம். இப்போது ஞாயிறு பின்னேரங்களில் தொலைபேசியில் சுகம் கேட்டால், அப்பா முதலில் சொல்வது இதைத்தான்: "தட்டு ரெண்டையும் தூக்கிக் காயவிட்டிருக்கிறன்."