சைட்டும் விஷனும்

இரண்டுக்கும் தமிழில் 'பார்வை' என்றுதான் சொல்கிறோம். சைட் இங்கிலீஷ் மண்ணிலேயே பிறந்த சொல். விஷன் லத்தீனில் கிளம்பி பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. அதனாலோ என்னவோ அதற்குக் கொஞ்சம் மிடுக்கு அதிகம். துறவிக்குத் தோன்றும் காட்சியும் விஷன், கம்பெனிச் சுவரில் சட்டம் போட்டு மாட்டும் வாசகமும் விஷன். சைட் பாவம், தரையில் நடப்பது. ஷார்ட் சைட், லாங் சைட், சுற்றுலாவில் பார்க்கிற இடம். நம்ம பையன்கள் பஸ் ஸ்டாண்டில் அடிப்பதும் அதைத்தான்.

கண் டாக்டர்கள் இந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றித்தான் புழங்குகிறார்கள். ஆனால் அப்பாவைப் பார்த்த டாக்டர் பிரித்தே சொன்னார். "சைட் நல்லா இருக்கு சார். விஷன்தான் போயிட்டிருக்கு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னடா சொல்றாரு?"

எழுத்து அட்டையை அப்பா கடைசி வரிவரை தடுமாறாமல் படிப்பார். 1862ல் ஸ்நெல்லன் என்ற டச்சு டாக்டர் உருவாக்கிய அட்டை அது. ஆறு மீட்டரில் தெரியவேண்டிய எழுத்து ஆறு மீட்டரில் தெரிந்தால் 6/6. அப்பாவுக்கு 6/6. ஆனால் வீட்டில் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வார், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். "பேப்பர்ல பொடி எழுத்து தெரியுது, இத்தாம்பெரிய கதவு தெரியலையாக்கும்" என்பாள் அம்மா.

அட்டை சோதிப்பது நட்ட நடுப்பார்வையை மட்டும். கிளாக்கோமா பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் தின்ன ஆரம்பிக்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நசிகிறது. பலருக்கு வலியே இருப்பதில்லை. கருப்பாக எதுவும் மறைப்பதுமில்லை. விட்டுப்போன இடத்தை அக்கம்பக்கத்தை வைத்து மூளையே ஒட்டுப்போட்டுவிடுகிறது. ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். அப்பா அழுத்தியது ரொம்பக் குறைவு. வெளியே நின்ற எனக்கு அந்த 'டிக்' சத்தங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் கேட்டது. பிரிண்ட்டில் ஓரமெல்லாம் கருப்பு. அப்பா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு எங்கயும் கருப்பாத் தெரியலையேடா."

பொய்யில்லை.

போனது திரும்பாது. சொட்டு மருந்து, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள. அதையெல்லாம் ஒத்துக்கொண்டார். ஸ்கூட்டர் விஷயத்தில்தான் மல்லுக்கு நின்றார். "6/6ன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு. நீ என்ன தடுக்கறது?" பக்கவாட்டில் வரும் ஆட்டோவைப் பற்றி அந்தச் சீட்டில் ஒன்றும் இல்லை. பார்வை என்ற சொல்லையே விட்டுவிட்டுச் சொல்லிப்பார்த்தேன். "எழுத்து தெரியுதுப்பா. தெரு தெரியல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாவியை அம்மாவிடம் கொடுத்தார். முகம் மட்டும் நாலு நாள் சரியாக இல்லை.

அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று எங்கள் மூன்று பேரையும் டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நானும் தங்கையும் போய்விட்டு வந்தோம். அண்ணன் இன்னும் போகவில்லை. அவனுக்கு எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறதாம்.