ஆபரேட்டர் கவனக்குறைவு

என் கைக்கு ஒரு கெட்ட பழக்கம். சரக்கு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தால், கஸ்டமருக்கு அனுப்பும் அறிக்கையில் 'மூல காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் அது தானாகவே 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிவிடும். அடுத்த கட்டத்தில் 'மறுபயிற்சி அளிக்கப்பட்டது'. கையெழுத்து, சீல், முடிந்தது. காக்களூர் சிட்கோவில் சின்னதாக லேத் பட்டறை வைத்து, பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு புஷ்ஷும் பின்னும் அனுப்பிக்கொண்டிருப்பவன் நான். இப்படி எழுதிய அறிக்கைகள் பட்டறை பீரோவில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றில் எத்தனை நிஜம் என்று நான் தோண்டிப் பார்த்ததே இல்லை. பார்க்க வைத்தது ஒரு ஏர் ரைஃபிள்.

லேத் வைத்திருப்பவன் துப்பாக்கி சுடப் பழகுகிறான் என்றதும் "நிஜத் துப்பாக்கியே பண்ணிடலாமே முதலாளி" என்று கிண்டல் செய்யாதவர் இல்லை. போல்ட் இழுத்துத் தோட்டா போடும் ரைஃபிளை லைசென்ஸ் இல்லாமல் செய்வதும் கோப்பதும் ரிப்பேர் பார்ப்பதும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, ஆயுள்வரைகூடப் போகலாம். அந்த வம்பே வேண்டாம். 4.5 மில்லி துளை, 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியில் பெல்லட் அரை கிராம் சொச்சம், வேகம் விநாடிக்கு 170 மீட்டர் பக்கம். கணக்குப் போட்டால் எட்டு ஜூல்கூட வராது. அப்படி ஒன்றின் பழைய பேரலும் ஆக்ஷனும் கைக்கு வந்தன. கட்டையை அலுமினியத்தில் நானே மில்லிங் செய்தேன். கன்னம் வைக்கும் பலகை, தோளில் பதியும் தகடு, சைட் உட்காரும் மவுண்ட் எல்லாம் நம் கைவேலை. பார்க்க ஜோராக இருந்தது.

சுட்டால் சிதறியது. 10 மீட்டர் அட்டையில் பத்தாவது வட்டம் என்பது அரை மில்லிப் புள்ளி. ஒன்பதாவது வட்டமே 5.5 மில்லிதான். என் குண்டுகள் ஏழிலும் எட்டிலும் உலாத்திவிட்டு, எப்போதாவது பத்தை எட்டிப் பார்த்தன.

உடனே கருவியில் கை வைத்தேன். பேரல் வாயில் பிசிர் இருந்தால் பெல்லட் வெளியேறும் நொடியில் காற்று ஒரு பக்கமாகப் பீய்ச்சும், குண்டு விலகும் என்பது உண்மை. பேரலைச் சக்கில் பிடித்து, டயல் முள் அசையாத அளவுக்கு செட் செய்து, வாயை மெல்லச் சீவி, கண்ணாடி மாதிரி ஆக்கினேன். சிதறல் அப்படியே. பெல்லட்டின் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று டப்பாவுக்கு டப்பா மாறும், மூன்றையும் வாங்கினேன். ட்ரிகரைத் தொட்டாலே விழும் அளவுக்கு லேசாக்கினேன். ஆக்ஷனைக் கட்டையோடு பிடிக்கும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சு வைத்து முறுக்கினேன். 2008இல் பெய்ஜிங்கில் கடைசிக் குண்டை 10.8 சுட்டுத் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவே சாமான் விஷயத்தில் அப்படி நுணுக்கம் பார்ப்பவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் சுடவும் செய்தார் என்பதை அப்போது நினைக்கவில்லை.

வெட்கம் எதில் என்றால், குறை கருவியிலா ஆளிலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பே. ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் தெரியும். பத்து பீஸ், மூன்று ஆள், ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். அளவு ஆடுவது மைக்ரோமீட்டரால் எவ்வளவு, அதைப் பிடிக்கும் கையால் எவ்வளவு என்று கணக்கு சொல்லிவிடும். 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது, 30ஐத் தாண்டினால் அந்த அளவையே நம்பக் கூடாது. ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் இதை வகுப்பெடுப்பதுபோல் விளக்குவேன்.

துப்பாக்கிக்கு அதுகூட வேண்டாம். ஆக்ஷனை மென்மையான தாடை போட்டு வைஸில் இறுக்கி, ஐந்து குண்டு போட்டால் தீர்ந்தது. எங்கள் பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கும் பெண் ஒரு நாள் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, வைஸ்ல கட்டிப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தாச்சும்மா. பேரல்தான் சரியில்ல."

பார்க்கவே இல்லை. விடை என்னவாக இருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்தேதான் பார்க்காமல் இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கட்டினேன். ஐந்து குண்டும் ஒரே ஓட்டை. விளிம்பு மட்டும் கொஞ்சம் கிழிந்திருந்தது. டப்பாவை மாற்றிப் போட்டேன். அதுவும் ஒரே ஓட்டை. வைஸிலிருந்து கழற்றித் தோளில் வைத்துச் சுட்டேன்; மறுபடி ஏழு, எட்டு.

சிதறலின் வடிவத்தைப் படிக்கக் கற்றிருந்தால் அட்டையே முதல் நாளில் சொல்லியிருக்கும். மேலும் கீழுமாக நீண்டால் மூச்சு. பக்கவாட்டில் என்றால் உடம்பு அட்டைக்கு நேராக நிற்கவில்லை, கை பலவந்தமாகத் துப்பாக்கியை இழுத்துப் பிடிக்கிறது. கண்ணை மூடித் திறந்து பார்த்தால் குழல் எங்கே விலகி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். எனக்கு இரண்டுமே இருந்தன. இவை போதாதென்று, ட்ரிகரை அமுக்குகிற கையோடு தலையைத் தூக்கி 'எங்கே விழுந்தது' என்று பார்க்கும் வியாதியும். பெல்லட் இன்னும் பேரலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்னம் பலகையை விட்டுக் கிளம்பியிருக்கும்.

அன்றைக்கு, முன்பு என்னிடம் வேலை பார்த்த ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. ஐடிஐ முடித்து வந்தவன், இரவு ஷிஃப்ட். ஒரு லாட் புஷ் முழுக்க ஓவாலிட்டியில், அதாவது வட்டம் பிசகியதில், ரிஜெக்ட் ஆனது. "சக்கு புடிக்க மாட்டேங்குது சார், ஜா தேஞ்சிருக்கு" என்று முன்பே இரண்டு தரம் சொல்லியிருந்தான். நான் வழக்கம்போல எழுதினேன். கஸ்டமர் மிரட்டியதில், ஆளை நிறுத்திவிட்டோம் என்று காட்ட வேண்டியிருந்தது, நிறுத்தினேன். அடுத்த மாதம் இன்னொருவன் ஓட்டும்போதும் அதே ஓவாலிட்டி. கழற்றிப் பார்த்தால் சக்கின் தாடை, அதாவது ஜா, மூன்றில் ஒன்று மணி வாய் போல அகன்றிருந்தது. சத்தமில்லாமல் மாற்றினேன். அறிக்கையைத் திருத்தவில்லை. அவனைக் கூப்பிடவும் இல்லை.

அவன் சுட்டிக்காட்டியது மெஷினை. குறையும் மெஷினில்தான் இருந்தது. நான் ஆளைக் குற்றம் சொன்னேன். என் விஷயம் வந்தபோது குறை ஆளில் இருந்தது. மாதக்கணக்கில் மெஷினைத் திட்டினேன். இரண்டு தடவையும் எனக்குச் செலவு வைக்காத பதில் எதுவோ அதைத்தான் எழுதியிருக்கிறேன். புது சக்குக்குப் பணம் போகும், ஆளுக்கு ஆள் கிடைப்பான். பேரல் சரியில்லை என்றால் மானம் தப்பும்.

இப்போது குண்டு போடாமல் வெறும் ட்ரிகரை அமுக்கிப் பழகுகிறேன், விழுந்த பிறகும் கன்னத்தை எடுக்காமல் இரண்டு எண்ணும்வரை நிற்கிறேன். எட்டு குறைந்து ஒன்பது வர ஆரம்பித்திருக்கிறது. இன்ஸ்பெக்ஷன் பெண்ணிடம் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். "தெரியும்ணே, வைஸ்ல தூசி அப்படியே இருந்துச்சு" என்றாள். பையன் ஒரகடம் பக்கம் வேலையில் இருப்பதாகக் கேள்வி. பழைய அறிக்கையைத் திருத்தி அனுப்பினால் கஸ்டமர் என்ன செய்வார் என்ற பயம் இன்னும் விடவில்லை. அனுப்பவில்லை.