தம்பி தனியப் போகப் போறான்



மூன்று கிழமையாக எங்கள் வீட்டில் பேச்சு ஒன்றுதான். தபூக்கில் டயர்க் கடையில் வேலை செய்யும் எங்கள் தம்பி, நோன்புக்கு முந்திய வியாழக்கிழமை சுபஹுக்குப் பிறகு ஹிஸ்மா பாலைவனத்துக்குள் போகிறான். இரண்டு இரவு தங்கி சனிக்கிழமை திரும்புவான். கூட ஒருவரும் இல்லை.

விஷயம் ஊரில் கசிந்துவிட்டது. சந்தையில் ஒருவர், "டீச்சர், தம்பிக்கு மனம் ஏதும் சரியில்லையா?" என்று கேட்கிறார். கதை கை, கால் முளைத்து நடக்கத் தொடங்கும் முன் நாங்களே எழுதிவிடுகிறோம்.

அவன் முதலில் சொன்னபோது நாங்களும் அதைத்தான் கேட்டோம். "ராத்தா, எட்டு வருஷமா ஒரு ரூமுல ஏழு பேர். குளிக்கப் போனாலும் ஒருத்தன் வெளிய நிண்டு கதவத் தட்டுவான். ரெண்டு ராவு ஒருத்தர்ட குறட்டையும் கேக்காமப் படுக்கணும். அவ்வளவுதான்" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் காரணம் கேட்கவில்லை. அவன் அனுப்பிய காசில் கட்டிய வீட்டில் நாங்கள் ஆளுக்கொரு அறையில் படுத்துக்கொண்டு என்ன கேட்பது?

உம்மா மட்டும் விடவில்லை. இரவில் தனியாகப் பிரயாணம் செய்வதை எச்சரிக்கும் ஹதீஸை நினைவுபடுத்தினா. (கொமெண்டில் அதைப் போட இருப்பவர்களுக்கு: உம்மா முந்திவிட்டா.) அவன் சொன்ன பதில்: "மஃரிபுக்குப் பிறகு வாகனத்த ஒரு அடி நகத்த மாட்டன். நான் போற இடம் எதுவெண்டு நாலு பேருக்குத் தெரியும்." உம்மா அரை மனதோடு இறங்கினா. இறங்கியதும் கேள்விகள் தொடங்கின.

ஹிஸ்மா என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறோம். சவூதியின் வடமேற்கில், தபூக்கிலிருந்து ஜோர்தானின் வாதி ரம் பக்கம் வரை நீளும் மேட்டு நிலம். சிவந்த மணல், அதற்குள்ளிருந்து நேரே எழும்பி நிற்கும் மணற்கல் குன்றுகள். பாறைகளில் ஆயிரக்கணக்கான வருஷப் பழைய எழுத்துகளும் ஒட்டக உருவங்களும் கிடக்கின்றன. குளிர் காலத்தில் அரபிகள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கூடாரம் அடிப்பார்கள். 'கஷ்தா' என்பார்கள். பத்துப் பேர், மூன்று வாகனம், ஓர் ஆடு. தனியாகப் போவது அங்கேயும் வழக்கமில்லை. தம்பியின் கபீல் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாராம். பிறகு கடையின் பழைய ஹைலக்ஸை அவன் பெயரில் அனுமதி எழுதிக் கொடுத்தார். காற்றடிக்கும் சின்ன மெஷினும் தந்திருக்கிறார்.

தபூக் என்றதும் நமக்கெல்லாம் நினைவு வருவது ஹிஜ்ரி 9இல் நடந்த தபூக் பயணம். கடும் வெயில், தண்ணீர்ப் பஞ்சம். உம்மாவும் அதை நினைத்துத்தான் வெயிலுக்குப் பயந்தா. நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும் பாடத்தை வீட்டிலும் எடுக்க வேண்டியதாயிற்று. ஹிஸ்மாவின் சில பகுதிகள் கிட்டத்தட்ட நம் பண்டாரவளை உயரம். வானத்தில் மேகமில்லை, காற்றில் ஈரமில்லை; பகலில் மண் வாங்கிய சூடு இரவில் அப்படியே மேலே போய்விடும். மாசி மாத இரவில் குளிர் உறைநிலைக்குக் கிட்டவும் இறங்கும். கொஞ்சம் மேற்கே இருக்கும் ஜபல் அல்லவ்ஸ் மலையில் சில வருஷங்களில் பனியே விழுகிறது. "பாலைவனத்துல பனியா?" என்று உம்மா நம்பவில்லை. தம்பி பழைய வீடியோ ஒன்றை அனுப்பிய பிறகுதான் இரண்டாவது கம்பளி பட்டியலில் ஏறியது.

எங்களுக்கு உண்மையான பயம் வேறு. 2024 ஆகஸ்டில் ருபுஉல் காலியில் நடந்ததைப் பலரும் வாசித்திருப்பீர்கள். வேலைக்காகச் சவூதி போன தெலங்கானா இளைஞர் ஒருவரும் கூட இருந்த சூடானியர் ஒருவரும். ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை, எரிபொருள் முடிந்தது, போனில் சார்ஜும் முடிந்தது. சில நாட்களுக்குப் பிறகு வாகனத்தருகே இருவரின் ஜனாஸாவையும் கண்டெடுத்தார்கள். ஹிஸ்மா அவ்வளவு பெரிதல்ல, காலமும் ஆகஸ்ட் அல்ல. ஆனால் அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக எங்கேயும் நடக்கலாம். வாகனம் நின்றால் அதை விட்டு நடக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் எல்லோரும் சொல்கிறார்கள். மேலிருந்தோ தூரத்திலிருந்தோ மனிதனைவிட வாகனம்தான் கண்ணில் படும். சரி. ஆனால் எந்தப் பக்கம் தேடுவது என்று வெளியில் ஒருவருக்காவது தெரியாவிட்டால், வாகனத்தோடு இருந்து என்ன பயன்?

இந்த இடத்தில்தான் உம்மா எங்களை ஆச்சரியப்படுத்தினா. ஜி.பி.எஸ். என்றால் என்னவென்று அவவுக்குத் தெரியாது. ஆனால் கடலுக்குப் போன மனிசனோடு முப்பது வருஷம் வாழ்ந்தவ. வாப்பா (அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக) படகைத் தள்ளுமுன் உம்மா கேட்கும் கேள்விகள் நாங்கள் சிறுபிள்ளையில் தினம் கேட்டவை. அவற்றையே வாட்ஸ்அப்பில் தம்பியிடம் கேட்டா.

"எந்தப் பக்கம் போறாய்? எப்ப திரும்புவாய்? எண்ணெய் எவ்வளவு? தண்ணி எதுல கொண்டு போறாய்? நீ வரல்லண்டா ஆரு வருவாங்க?"

ஒருமுறை வாப்பாவின் எஞ்சின் பழுதாகி இரண்டு இரவு கடலில் கிடந்தார். பாணமப் பக்கம் போவதாகப் பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லிப் போயிருந்ததால்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். உம்மா அந்த இரண்டு இரவைப் பற்றி அதிகம் பேசமாட்டா. அன்று பேசினா.

எண்ணெய்க் கணக்கு முதலில். போக வரத் தார் வீதி 140 கிலோமீற்றர், மணலுக்குள் 110. "ஒரு டேங்க் நிரப்பினா மிச்சம்" என்றான். மணலில் வண்டி கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் குடிக்கும் என்பதையும் அவனே சொன்னான். உம்மாவின் கணக்கு வாப்பாவின் மண்ணெண்ணெய்க் கணக்கு: மூன்றில் ஒன்று போக, ஒன்று வர, மற்றது தொடக்கூடாது. இப்போது முழு டேங்கோடு இருபது லீற்றர் கேன் இரண்டும் போகிறது.

தண்ணீர் ஐம்பது லீற்றர். குடிக்க ஒரு நாளைக்கு ஐந்து என்று வைத்தால் மூன்று நாளுக்குப் பதினைந்துதான்; மீதி, சமையலுக்கும் சிக்கிக்கொண்டால் காத்திருக்கும் நாட்களுக்கும். ஒரே பீப்பாயில் ஊற்றாமல் ஐந்து கேன். ஒன்று ஓட்டையானாலும் நாலு மிஞ்சும். வுழூவுக்கு ஒரு 'முத்து' அளவு, முக்கால் லீற்றருக்கும் குறைவு. அதற்கும் வழியில்லாவிட்டால் தயம்மும். மண்ணுக்கு அங்கே பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ என்னாவது என்று உம்மா கேட்டா. பிரயாணிக்கு அது கடமையில்லை, ளுஹரைக் கஸ்ராகத் தொழுவேன் என்றான். அது அவவுக்கு இன்னும் முழுதாகச் சமிக்கவில்லை.

டயர் அவன் தொழில், நாங்கள் வாய் திறக்கவில்லை. மணலில் இறங்கும்போது காற்றை 35இலிருந்து 16, 17 பி.எஸ்.ஐ. அளவுக்கு விடுவானாம். டயர் தட்டையாகிப் பரந்து நிற்கும், புதையாது. அதற்கும் கீழே விட்டால் திரும்பும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். தார் வீதிக்கு ஏறுமுன் திரும்ப அடிக்க வேண்டும். உபரி டயர் இரண்டு, மண்வெட்டி, சக்கரத்துக்குக் கீழே போட இரண்டு பலகை. கூட்டமாகப் போனால் புதைந்த வண்டியை அடுத்த வண்டி இழுக்கும். இவனை இழுக்க ஒருவரும் இல்லை. ஆகவே காலால் நடந்து பார்க்காத இடத்தில் சக்கரம் வைப்பதில்லை என்று வாக்குத் தந்திருக்கிறான். வாதிக்குள் படுப்பதும் இல்லை. வானம் வெளுத்திருந்தாலும் தூரத்து மலையில் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக வந்துவிடும்.

பெரிய இழுபறி போன் விஷயத்தில். சவூதி சிவில் பாதுகாப்பின் இலக்கம் 998. இலங்கையிலிருந்து அதை அழுத்தினால் போகாது. அதாவது இங்கே எங்கள் ஏழு பேருக்கும் தெரிந்திருந்தும் பயனில்லை. அங்கே ஒருவர் வேண்டும். அறையில் இருக்கும் மலையாளச் சகோதரர் ஒருவர் பொறுப்பேற்றார். அவர் கையில் ஒரு தாள்: போகும் பாதை, இரண்டு இரவும் தங்கும் இடம், வாகன இலக்கம், நிறம், திரும்பும் நேரம் எல்லாம் அரபியில். கலாசாலையில் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை, கட்டம் போட்டு எழுதி அனுப்பினோம். அரபியை கபீல் எழுதிக் கொடுத்தார்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அறைக்காரர்களோடு பகலில் போய் எங்கே சிக்னல் பிடிக்கிறது என்று பார்த்து வந்தான். அவன் முதலில் குறித்த இடத்தில் ஒரு கோடும் இல்லை. "அங்கதான் நல்ல அமைதி" என்றான். உம்மா ஒன்றும் பேசவில்லை, போனை மட்டும் எங்களிடம் தந்துவிட்டு எழும்பிப் போனா. மறுநாள் அவனே இடத்தை மாற்றினான். புதிய இடத்திலிருந்து அரை மணித்தியாலம் ஓடினால் ஒரு மேடு, அதில் சிக்னல் உண்டு. வியாழனும் வெள்ளியும் சவூதி நேரம் பின்நேரம் 4 மணிக்கு அங்கே வந்து ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, இருட்டுமுன் திரும்புவான். நமக்கு அப்போது 6.30. இரவு 10.30 வரை மெசேஜ் இல்லையென்றால் மலையாளச் சகோதரருக்குச் சொல்வோம். அவர் அந்த நிமிஷமே 998க்கு எடுப்பார், விடியலில் அறைக்காரர்கள் கிளம்புவார்கள். விடியும்வரை பொறுங்கள், போன் செத்திருக்கலாம் என்று தம்பி கெஞ்சினான். உம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

பதிலுக்கு அவனும் ஒரு நிபந்தனை வைத்தான். மெசேஜ் வந்த பிறகு ஒருவரும் பதில் போடக் கூடாது, கோலும் எடுக்கக் கூடாது. "சாப்பிட்டாயா எண்டும் கேக்கக் கூடாதா?" என்றா உம்மா. "கேக்கக் கூடாது உம்மா." கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பிறகு, "சரி மனே" என்றா.

நேற்று உம்மா தொழுகை அறையில் பழைய மணிக்கூடு ஒன்றைத் தனியாக மாட்டியிருக்கிறா. இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு, சவூதி நேரம்.

உங்கள் துஆவில் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு உதவியும் வேண்டும். வியாழனும் வெள்ளியும் மஃரிபுக்குப் பிறகு உம்மாவின் நம்பருக்கு யாரும் கோல் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அவ ஓடி வருவா.